நாற்பத்துமூன்று வீட்டுச் சோபா

எங்கள் வாய்க்கால்கரைத் தெருவில் வீடு நாற்பத்துமூன்று, சோபா ஒன்று. இது எங்களுக்குத் தெரியும், பால் ஊற்றுகிறவருக்குத் தெரியும், தெருநாய்களுக்கும் தெரியும். நகர வாழ்நிலை மதிப்பீட்டு முகமைக்கு மட்டும் தெரியாது. அந்த முகமைக்கு மூன்று மாடிக் கட்டடம் உண்டு, வாசலில் ஒரு செயற்கை நீரூற்று உண்டு, மாடிக்கு மாடி அதிகாரிகள் உண்டு. எண்ணத்தான் ஆள் இல்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். தஞ்சாவூரில் புது ஆற்றுக்குத் தெற்கே ஒரு கிளை வாய்க்கால் இருக்கிறது. அது பாய்ச்சிய வயல்கள் எல்லாம் மனைகளாகிவிட்டதால் இப்போது அதற்கு வேலை கிடையாது. இரண்டு கரையும் புறம்போக்கு. மேற்குக் கரையில் நாங்கள். கிழக்குக் கரையை ஒட்டி 'ரிவர் வியூ எஸ்டேட்' என்று அறுபது வில்லாக்கள், சுற்றுச்சுவர், ஒரு பெரிய இரும்பு கேட். ரிவர் என்று அவர்கள் சொல்வது இந்த வாய்க்காலைத்தான். அதில் வருடம் முழுக்க வற்றாமல் ஓடுவது அவர்கள் வீட்டுக் கழிவுநீர். அவர்கள் மாடியில் நின்று வியூ பார்ப்பார்கள், நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சோறு தின்போம்.

நாங்கள் யார் என்றால், பாதிப் பேர் வலங்கைமான், நீடாமங்கலம், குத்தாலம் பக்கத்து வயல்களில் கூலிக்கு நட்டவர்கள், அறுத்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள். நடவுக்கு மெஷின் வந்தது, அறுப்புக்கு மெஷின் வந்தது, நாங்கள் டவுனுக்கு வந்தோம். இப்போது ஜவுளிக்கடையில் பன்னிரண்டு மணி நேரம் நின்று புடவை விரித்துக் காட்டுகிற பெண்கள் இருக்கிறார்கள், அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள், ஒரு நர்ஸ் இருக்கிறாள், இன்ஜினியரிங் படித்துவிட்டு அடுத்தவர் வீட்டுக்குப் பிரியாணி கொண்டுபோய்க் கொடுக்கிற பையன்கள் நாலு பேர். முஸ்லிம் வீடுகள் ஆறு. ரஹ்மத் பீவி இடியாப்பம் விற்கிறார். ஜெக்கரியா பாய் சவூதியில், தம்மாமில் ஒரு குளிர்கிடங்கில் பத்தொன்பது வருடம் உறைந்துவிட்டுத் திரும்பி வந்தவர். முப்பது வீட்டில் கக்கூஸ் உண்டு, நாற்பத்துமூன்று வீட்டிலும் மானம் உண்டு. இந்த இரண்டாவதுதான் எங்களைக் கெடுத்தது.

சோபா ஜெக்கரியா பாயினுடையது. மகள் ஆஷிகாவைப் பெண் பார்க்க வருகிறவர்கள் உட்கார என்று வாங்கினார். மெரூன் நிறம், மூன்று பேர் உட்காரலாம். வாங்கும்போது சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் பிரிக்கவே இல்லை. ஆஷிகாவுக்கு நிச்சயம் ஆன பிறகு பக்கத்து வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள், சோபா அங்கே போனது. பிறகு எதிர்வீட்டுக்கு. அப்படியே அது தெருவுக்குப் பொதுவாகிவிட்டது. எந்த வீட்டுக்கு யார் மதிப்பாக வந்தாலும் நாலு பேர் சோபாவைத் தூக்கி முன்னே போவார்கள், பின்னால் ரஹ்மத் பீவி வீட்டு எவர்சில்வர் தட்டும் பீங்கான் கோப்பைகளும் போகும். இதுவரை பதினோரு பெண்களுக்கு அதில் நிச்சயமாகியிருக்கிறது. வந்து உட்கார்ந்தவர்கள் யாரும் இது யாருடையது என்று கேட்டதில்லை. கேட்காமல் இருப்பதுதான் மரியாதை.

இந்தக் கதை ஏழாம் எண் வீட்டுக் கண்ணுசாமி அண்ணனைப் பற்றியது. ஐம்பத்தெட்டு வயது. ரிவர் வியூ எஸ்டேட்டில் பகல் வாட்ச்மேன். அவருடைய அப்பா வலங்கைமானில் இன்னொருத்தர் நிலத்தில் ஐம்பது வருடம் உழைத்து, செத்தபிறகு புதைக்கவும் இன்னொருத்தர் இடம்தான் கிடைத்தது. அதனால் அண்ணனுக்கு ஒரே ஆசை. ஒன்றரை சென்ட்டில் தானே செங்கல் அடுக்கிக் கட்டிய அந்த வீட்டுக்குத் தன் பெயரில் ஒரு பட்டா. இருபத்தாறு வருடமாக ஜமாபந்திக்கு ஜமாபந்தி மனு கொடுக்கிறார். அந்த மனுக்களில் பாதியை டைப் அடித்தது நான்தான். என் பெயர் ஷோபனா, பன்னிரண்டாம் எண் வீடு. முகமைக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் மனு அடிப்பது என் பிழைப்பு. ஏழைகளின் குறைகளை எழுத்துப்பிழை இல்லாமல் எழுதித் தருவேன், அதிகாரிகள் அதைப் படிக்காமல் வைத்துக்கொள்வார்கள்.

அண்ணனிடம் ஒரு பழக்கம் உண்டு. யார் வந்தாலும் எழுந்துவிடுவார். அதிகாரி வந்தாலும் எழுவார், பால்காரர் வந்தாலும் எழுவார். நிற்கிறவர் முன்னால் உட்கார்ந்திருக்க அவர் உடம்புக்குத் தெரியாது. கேட்டில் அவருக்குக் கொடுத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கு ஒரு கை உடைந்திருந்தது. கயிறு போட்டுக் கட்டியிருந்தார். அதிலும் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு.

போன வருடம் தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், ஒரு செய்தி வந்தது. வாய்க்கால் இனிமேல் பாசனத்துக்கு வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். இரண்டு கரையிலும் உள்ள புறம்போக்கை முகமை பிரித்துக் கொடுக்கப் போகிறதாம். அதற்கு முன் ஒவ்வொரு பகுதியிலும் வசிக்கிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று வீடு வீடாகக் கணக்கெடுப்பு. நலிந்த பகுதி என்று வந்தால் இலவசப் பட்டா. வசதியான பகுதி என்று வந்தால் காலி செய்ய வேண்டும். இந்த இரண்டாவது பாதியை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பெரிய ஆட்கள் வருகிறார்கள், பட்டா தரப்போகிறார்கள் என்று மட்டும்தான் தெரிந்தது.

பெரிய ஆட்கள் வந்தால் எங்கள் தெரு என்ன செய்யும் என்பதை முன்பே சொல்லிவிட்டேன்.

கையில் டேப்லெட்டோடு இரண்டு பேர் காலை ஒன்பது மணிக்கு வந்தார்கள். முதல் வீட்டில் சோபா தயாராக இருந்தது. உட்கார்ந்தார்கள், டீ குடித்தார்கள், சோபாவைப் போட்டோ எடுத்தார்கள், 'சோபா: ஆம்' என்று டிக் அடித்தார்கள். அவர்கள் வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் சோபா பின்வழியாக இரண்டாம் வீட்டுக்குப் போய்விட்டது. அங்கேயும் உட்கார்ந்தார்கள், டீ, போட்டோ, டிக். பத்தாம் வீட்டுக்குப் பிறகு ஒளித்துக்கொண்டு போக யாருக்கும் நேரமில்லை. சோபா தெருவில் முன்னே போனது, அவர்கள் பின்னே போனார்கள். இருபத்தெட்டாம் வீட்டுப் படி கொஞ்சம் உயரம். கணக்கெடுக்க வந்தவரில் ஒருவரே ஒரு முனையைப் பிடித்துத் தூக்கி உள்ளே விட்டார். விட்டுவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டு அதிலேயே உட்கார்ந்து 'சோபா: ஆம்' என்று டிக் அடித்தார். நான் கண்ணால் பார்த்தேன்.

இரவல் என்று ஏன் சொல்லவில்லை என்று பிற்பாடு எல்லோரும் கேட்டார்கள். கண்ணுசாமி அண்ணனின் மனைவி அம்சம் அக்கா சொன்னதுதான் எங்கள் எல்லோருடைய பதிலும். "வந்தவங்க உக்காந்திருக்கையில, நீங்க உக்காந்திருக்கிறது இரவல்னு சொல்லுவாங்களா? சோறு போட்டுட்டு அரிசி கடன்னு சொல்ற மாதிரில்ல இருக்கு."

அன்று மதியம் அதே இரண்டு பேரும் பாலத்தைத் தாண்டி ரிவர் வியூ எஸ்டேட் கேட்டுக்குப் போனார்கள். கேட்டில் கண்ணுசாமி அண்ணன். எழுந்து நின்று கும்பிட்டார். ஆனால் உள்ளே விடவில்லை. வீட்டுக்காரர் போனில் சம்மதம் சொல்லாமல் ஈ காக்காயை விடக்கூடாது என்பது அங்கே சட்டம். குடியிருப்போர் சங்கச் செயலாளர் நெடுஞ்செழியனுக்கு இன்டர்காமில் கூப்பிட்டார். அவர் ஓய்வுபெற்ற இன்ஜினியர். எங்கள் ஊரில் தார் போட்ட மறுவாரமே பெயர்ந்துபோன சாலைகள் பலவற்றைப் போட்டவர். அவர் தூங்குவதாகப் பதில் வந்தது. பதில் சொன்னதும் அவரே.

வந்தவர்களுக்குப் படிவத்தை நிரப்பியாக வேண்டும். கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் நின்று நிரப்பினார்கள். சோபா: காணப்படவில்லை. ஏசி: காணப்படவில்லை. கார்: காணப்படவில்லை. கழிப்பறை: காணப்படவில்லை. கண்ணுக்குத் தெரிந்த ஒரே சொத்தையும் விடாமல் எழுதினார்கள். உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்று, அறுபது குடும்பங்களுக்கும் பொது.

சித்திரையில் முடிவு வந்தது. முகமையின் சுவரில் ஒரு பெரிய வரைபடம் ஒட்டினார்கள். நலிந்த பகுதி சிவப்பு, வசதியான பகுதி பச்சை. எங்கள் தெரு குறுவை வயலைப் போலப் பச்சைப்பசேலென்று இருந்தது. ரிவர் வியூ எஸ்டேட் நகரத்திலேயே மிகவும் நலிந்த பகுதியாகச் சிவந்து கிடந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்கிறவருக்கு மதி எங்கே போனது என்பார்கள். இங்கே நெய்யைக் கலர் பிரிண்ட் போட்டு ஒட்டியிருந்தார்கள், பக்கத்தில் ஒருவர் காவலுக்கும் நின்றார்.

எங்களுக்குத் தொண்ணூறு நாளில் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ். அவர்களுக்குக் கிழக்குக் கரையில் பன்னிரண்டு சென்ட் பட்டா. அந்தப் பன்னிரண்டு சென்ட்டில் அவர்கள் ஏற்கெனவே தகரக் கூரை போட்டுக் கார் நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

கண்ணுசாமி அண்ணன் நோட்டீஸை வாங்கி என்னிடம் கொடுத்தார். படித்துக் காட்டினேன். வீட்டுக்கு வீடு வசதிக்கு மதிப்பெண் போட்டிருந்தார்கள். தன் மதிப்பெண் என்ன என்று கேட்டார். எழுபத்தெட்டு என்றேன். அவர் ஆறாம் வகுப்போடு நின்றவர். ஒரு நிமிடம் அவர் முகத்தில் லேசாகப் பெருமை தெரிந்ததைப் பார்த்தேன். அது கூடக் கூட வீடு போகும் என்பதை அதற்குப் பிறகுதான் சொன்னேன்.

மனு எழுதிக்கொண்டு இருவரும் முகமைக்குப் போனோம். இணை இயக்குநர் சேரன் ஒன்றே முக்கால் மணி நேரம் காக்கவைத்துக் கூப்பிட்டார். அவர் அறையில் நாலு நாற்காலி காலியாக இருந்தது. எங்களை உட்காரச் சொல்லவில்லை.

அண்ணன் விஷயத்தைச் சொன்னார். நாற்பத்துமூன்று போட்டோவிலும் இருப்பது ஒரே சோபா என்றார். சேரன் கணினியைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக நாற்பத்துமூன்று மெரூன் சோபா, எல்லாவற்றிலும் அதே பிளாஸ்டிக் உறை, உறையின் இடது கைப் பக்கம் அதே கிழிசல்.

"நானும் பாத்தேன். எல்லா வீட்லயும் ஒரே மாடல். கூட்டா சேந்து மொத்தமா வாங்கியிருக்கீங்க. இந்த மாதிரி ஒத்துமையான கொள்முதல் சக்தி நம்ம மாவட்டத்துல வேற எந்தத் தெருவுலயும் இல்ல. அறிக்கையில தனியா ஒரு பக்கம் எழுதியிருக்கேன்."

அண்ணன் மறுபடி முதலிலிருந்து சொன்னார். ஒரு சோபா, தூக்கித் தூக்கிப் போட்டோம் என்றார். சேரன் பேனாவை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அப்படின்னா நாப்பத்துமூணு குடும்பம் சண்டை போடாம ஒரு சோபாவப் பகிர்ந்துக்கறீங்க. அதுக்குப் பேரு சமூக மூலதனம். அதுக்குத் தனியா பத்து மார்க் இருக்கு. இத முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?"

எங்கள் கண்முன்னாலேயே தட்டினார். எழுபத்தெட்டு எண்பத்தெட்டு ஆனது. வசதியுள்ளோர் என்று இருந்த நாங்கள் மிகு வசதியுள்ளோர் ஆனோம். தொண்ணூறு நாள் அறுபது நாளாகக் குறைந்தது.

கண்ணுசாமி அண்ணன் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். ரிவர் வியூவில் இருப்பவர்கள் பெரும் பணக்காரர்கள், வீட்டுக்கு மூன்று கார் என்றார். நீங்கள் உள்ளே போய்ப் பார்த்திருக்கிறீர்களா என்று சேரன் கேட்டார். இல்லை, வாட்ச்மேன் கேட்டைத் தாண்டக்கூடாது என்றார் அண்ணன். அப்படியானால் அது செவிவழிச் செய்தி என்று முடித்துவிட்டார் சேரன். பிறகு, நாங்கள் போகாமல் நிற்பதைப் பார்த்து, அவருக்கே கொஞ்சம் மனம் இளகியது.

"இங்க பாருங்க, நான் இருவது வருஷமா வறுமையில வேல பாக்குறேன். வறுமைதான் எனக்கு சோறு போட்டுது. வறுமைதான் வீடு கட்டிக் குடுத்துது. பையன ஆஸ்திரேலியாவுக்குப் படிக்க அனுப்பிச்சதும் வறுமைதான். அது இல்லன்னா நான் இல்ல. அதப் பத்தி எனக்கு நீங்க சொல்லித் தர்றீங்களா?"

வெளியே வந்தபோது என் வாயெல்லாம் கசந்தது. துப்பலாம் என்று இடம் பார்த்தேன். அங்கேயும் ஒரு போர்டு, 'தூய்மையே செல்வம்' என்று. விழுங்கிக்கொண்டேன்.

கண்ணுசாமி அண்ணன் பெயரில் மேல்முறையீடு செய்தோம். அதற்கு நேரடிச் சரிபார்ப்பு என்று ஒன்று உண்டாம். சேரனே எங்கள் தெருவுக்கு வருவதாகக் கடிதம் வந்தது. அந்த முறை தெருவே கூடிப் பேசி முடிவெடுத்தோம். சோபா அசையக்கூடாது. தட்டு, கோப்பை எதுவும் வெளியே வரக்கூடாது. இருக்கிறபடி இருப்போம். எங்கள் தெருவில் இப்படி ஒரு தீர்மானம் போட்டது அதுதான் முதல் தடவை. ரஹ்மத் பீவி அன்று காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வந்தவருக்கு ஒன்றும் கொடுக்காமல் நிற்பதை அவரால் பார்க்க முடியாதாம்.

சேரன் வைகாசி வெயிலில் பதினோரு மணிக்கு வந்தார். ஏழாம் எண் வீட்டில் நுழைந்து சுற்றும் முற்றும் பார்த்தார். அம்சம் அக்கா பாய் விரித்தார். சேரனுக்கு முட்டி மடங்காது. நின்றார். அவர் நிற்க நிற்கக் கண்ணுசாமி அண்ணனுக்கு முகம் வெளிறியது. கடைசியில் தாங்காமல் ஓடிப்போய் பால்கேன் ஒன்றைக் கவிழ்த்துப்போட்டுத் துண்டால் துடைத்து, உட்காருங்கள் சார் என்று கெஞ்சினார். சேரன் உட்காரவில்லை. நாற்பத்துமூன்று வீட்டையும் நின்றபடியே பார்த்துவிட்டுப் போனார்.

பத்து நாளில் சரிபார்ப்பு அறிக்கை வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். சென்ற ஆய்வின்போது இருந்த நாற்பத்துமூன்று சோபாக்களில் இம்முறை ஒன்று மட்டுமே காணப்பட்டது, குடியிருப்பாளர்கள் நாற்பத்திரண்டு சோபாக்களை மறைத்துள்ளனர் என்று இருந்தது. நாற்பத்துமூன்று இல்லை, நாற்பத்திரண்டு. ஜெக்கரியா பாய் வீட்டில் ஒன்று இருந்ததல்லவா, அதை நேர்மையாகக் கழித்துவிட்டார்கள். சொத்து மறைப்புக்காக இன்னும் ஐந்து மதிப்பெண் சேர்த்திருந்தார்கள். மறைக்க இடம் இருக்கிறவன் வசதியானவன் என்பது விதி. மேல்முறையீட்டில் இறுதி உத்தரவு பின்னர் வரும் என்று கீழே ஒரு வரி இருந்தது.

அந்த உத்தரவுக்காகக் காத்திருந்தபோதுதான் பட்டா வழங்கும் விழா நடந்தது. ரிவர் வியூ எஸ்டேட் புல்வெளியில் பந்தல், மேடை, 'நலிந்தோர் நில உரிமை விழா' என்று ஃபிளெக்ஸ். கலந்துகொண்ட எல்லோருக்கும் முந்திரி பக்கோடாவும் இளநீர்ப் பாயசமும். விழாவில் ஒரே ஒரு சிக்கல். மேடையேறி வாங்க ஆள் இல்லை. பன்னிரண்டு சென்ட் வேண்டும், ஆனால் நலிந்தோர் என்று பத்திரிகையில் முகம் வரக்கூடாது. நோகாமல் நொங்கு தின்கிறவர்கள் அப்படித்தான். நெடுஞ்செழியன் தன் மருமகனைப் பார்த்தார், மருமகன் மனைவியைப் பார்த்தான், அவள் போனைப் பார்த்தாள். சேரனுக்கோ புகைப்படம் இல்லாவிட்டால் விழா நடந்ததாகவே கணக்கில்லை.

அப்போது அவர் கண்ணில் கேட்டில் நின்ற கண்ணுசாமி அண்ணன் பட்டார்.

பிறகு அண்ணன் எங்களிடம் சொன்னதைத்தான் சொல்கிறேன். தொப்பியைக் கழற்றச் சொன்னார்களாம். யூனிஃபார்ம் சட்டையைக் கழற்றச் சொன்னார்களாம். பனியனில் ஓட்டை இருந்தது, அது அருமையாக இருப்பதாகப் போட்டோகிராபர் சொன்னாராம். தோளில் ஒரு துண்டைப் போட்டு மேடையேற்றினார்கள். கும்பிடச் சொன்னார்கள், கும்பிட்டார். கண் கலங்கினால் நன்றாக இருக்கும் என்றார்கள். அதற்கு அவர் சிரமப்படவே இல்லை. இருபத்தாறு வருடமாக மனு போட்டவர் கையில் ஒரு பட்டாவை வைத்தார்கள். முத்திரை, கையெழுத்து, புல எண் எல்லாம் இருந்தது. மூன்று போட்டோ எடுத்தார்கள்.

எடுத்து முடித்ததும், "குடுங்க" என்று நெடுஞ்செழியன் கையை நீட்டினார். அண்ணன் கொடுத்துவிட்டார். தொப்பியைப் போட்டுக்கொண்டு கேட்டுக்குப் போய்விட்டார். அவருக்கும் ஒரு கிண்ணம் பாயசம் கொடுத்தனுப்பினார்களாம்.

மறுநாள் பத்திரிகையில் பெரிய படம். 'ஏழை முதியவரின் கால் நூற்றாண்டுக் கனவு நனவானது' என்று தலைப்பு. பெயர், வயது, எல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். தெருவில் பாதிப் பேர் வாழ்த்துச் சொல்ல வந்தார்கள், மீதிப் பேர் எங்களை விட்டுவிட்டுத் தனியாக வாங்கிவிட்டாயா என்று கேட்க வந்தார்கள். அம்சம் அக்கா ஒன்றும் தெரியாமல் டியூட்டி முடிந்து வந்தவரிடம் கையை நீட்டி, "என்னங்க, பட்டா எங்க? சாமி படத்துக்கிட்ட வைக்கணும்" என்று கேட்டார். அண்ணன் வாசற்படியிலேயே நின்றார், உள்ளே வரவில்லை. நான் அங்கே நிற்க முடியாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் இறுதி உத்தரவு வந்தது. பதிவுத் தபாலில், சேரன் கையெழுத்தோடு. கடையில் வைத்து நான் படித்தேன், அண்ணன் நின்றுகொண்டு கேட்டார். 'மனுதாரர் கண்ணுசாமி, ரிவர் வியூ எஸ்டேட்டில் புல எண் 118/2-இல் உள்ள நிலத்துக்குப் பட்டா பெற்ற பயனாளி என்பது புகைப்பட ஆதாரத்தால் ஐயமற நிறுவப்படுகிறது. ஒருவர் இரண்டு இடங்களில் நிலம் கோர விதியில்லை. எனவே மனு தள்ளுபடி செய்யப்படுகிறது. மனுதாரர் தம் குடும்பத்துடனும் தட்டுமுட்டுச் சாமான்களுடனும் மேற்படி நிலத்தில் பதினைந்து நாட்களுக்குள் குடியேறி, தற்போதைய வீட்டைக் காலி செய்ய உத்தரவிடப்படுகிறது.'

மனு டைப் அடிக்கிறவளுக்கு ஒரு வரியை மூன்று முறை படிக்கிற பழக்கம் உண்டு. கடைசி வரியை மூன்றாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. 118/2 என்பது கார் நிறுத்துகிற அந்தத் தகரக் கூரை. அதில் போய்க் குடியேறும்படி அண்ணனுக்கு அரசு முத்திரையோடு உத்தரவு வந்திருக்கிறது. ஐந்து ஜெராக்ஸ் எடுத்தேன். ஒன்றை அண்ணன் கையில் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன். அவர் அந்த முத்திரையின் மேல் விரலை வைத்தார்.

"தட்டுமுட்டுச் சாமானோடன்னு போட்டிருக்காம்மா?"

"போட்டிருக்குண்ணே."

"அப்ப அந்த சோபாவும் என் கணக்குலதான இருக்கு?"

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு ஜெக்கரியா பாய் வீட்டிலிருந்து சோபா கிளம்பியது. வழக்கமான நாலு பேர் தூக்கினார்கள். பின்னால் அம்சம் அக்கா அடுப்பும் பாயும் எடுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பின்னால் நாற்பத்துமூன்று வீடும் வந்தது. பாலத்தைத் தாண்டி கேட்டுக்குப் போனோம். கேட்டைத் திறக்க வேண்டியவர் கண்ணுசாமி அண்ணன்தான், அவரே திறந்தார். சட்டப்படி வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதினார். யாரைப் பார்க்க என்ற இடத்தில் 'சொந்த எடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தகரக் கூரையின் கீழே இரண்டு கார்களுக்கு நடுவே சோபாவை இறக்கினோம். அண்ணன் உட்காரப் போனார். ஜெக்கரியா பாய் அவரைத் தடுத்தார். குனிந்து அந்தப் பிளாஸ்டிக் உறையைப் பிடித்து ஒரே இழுப்பில் கிழித்தார். "இத்தன வருஷமா வந்தவங்களுக்காகச் சுத்தி வச்சது. இன்னைக்கு நீங்க உக்காருங்கண்ணே." மெரூன் துணி வாங்கிய அன்று இருந்ததைப் போலப் புதிதாக இருந்தது. அண்ணனும் அம்சம் அக்காவும் உட்கார்ந்தார்கள்.

நெடுஞ்செழியன் மாடியிலிருந்து பார்த்துவிட்டு, வாட்ச்மேன், யார் இவங்கள்லாம், வெளிய அனுப்பு என்று கத்திக்கொண்டே இறங்கி வந்தார். வாட்ச்மேன் சோபாவில் இருப்பதைப் பார்த்ததும் யாரிடம் கத்துவது என்று தெரியாமல் நின்றுவிட்டார். போலீசுக்குப் போன் போட்டார். வந்த ஏட்டு உத்தரவின் ஜெராக்ஸை இரண்டு முறை படித்துவிட்டு, இதில் தனக்கு வேலை இல்லை, கையெழுத்துப் போட்டவரைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

சேரன் பதினோரு மணிக்கு வந்து சேர்ந்தார். அதே வெயில். வேர்த்து வழிந்தது. கையில் உத்தரவின் அலுவலக நகல். அதைத் திரும்பத் திரும்பப் படித்தார். படிக்கப் படிக்க அதில் அவர் கையெழுத்துத்தான் இருந்தது. முட்டியைத் தேய்த்துக்கொண்டு, உட்கார எங்காவது இடம் இருக்கிறதா என்று பார்த்தார். கேட்டருகே அந்த உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. அறுபது குடும்பத்துக்கும் பொதுவானது.

நாங்கள் எல்லோரும் கண்ணுசாமி அண்ணனைப் பார்த்தோம். அவர் உடம்பு எழுந்திருக்கத் துடிப்பது எங்களுக்குத் தெரிந்தது. இரண்டு கையும் சோபாவின் விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன. கால் தரையில் ஊன்றி ஊன்றி எடுத்தது. அம்சம் அக்கா அவர் தொடைமேல் கையை வைத்து அழுத்தினார்.

சேரன், "என்னப்பா இது? பெரியவங்க நிக்கறப்ப உக்காந்துட்டிருக்க?" என்றார்.

அண்ணன் கும்பிட்டார், உட்கார்ந்தபடியே.

"உக்காருங்க சார்னு சொல்ல ஆசையாத்தான் இருக்கு. எங்ககிட்ட இருக்கறது இது ஒண்ணுதான். மிச்சம் நாப்பத்திரெண்டு உங்க கணக்குலதான இருக்கு. அதுல ஒண்ணக் கொண்டாந்து போட்டு உக்காருங்க."